மூன்று கிரிவலமும் 195 மீட்டரும்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் கும்பிட்டு, நடுவில் டீ குடித்து, கூட்டத்தோடு ஊர்ந்து வருபவருக்கு நாலு மணி நேரமாவது ஆகும். இதே பாதையை மூன்று முறை சுற்றி, அதற்கு மேல் 195 மீட்டர் போனால் அது ஒரு மாரத்தான். 1978-இல் ஜலந்தரில் ஷிவ்நாத் சிங் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் முடித்தார். பீகாரைச் சேர்ந்த அந்த ராணுவ வீரர், கிரிவலக்காரர்களைப் போலவே, வெறுங்காலில் ஓடிப் பெயர் வாங்கியவர். அவர் வேகத்துக்கு ஒரு கிரிவலம் 44 நிமிடம். 2019-இல் வியன்னாவில் கென்யாவின் எலியுட் கிப்சோகே ஓடிய 1:59:40 கணக்குக்கு 40 நிமிடம்கூட இல்லை (வேகம் பிடித்துக் கொடுக்க ஆட்களை மாற்றி மாற்றி இறக்கியதால் அது உலக சாதனையாகச் சேர்க்கப்படவில்லை என்பது வேறு). இப்படிப்பட்டவர்களைப் பார்த்ததும் நம் வாயில் முதலில் வருவது ‘மனவலிமை’ என்ற வார்த்தைதான். பல்லைக் கடித்துக்கொண்டு வலியை வென்றவர்கள் என்றே அவர்களைப் பற்றிக் கதை எழுதுகிறோம். இருக்கிற சான்றுகள் ஏறக்குறைய நேர்மாறானதைச் சொல்கின்றன. இந்த உடம்பு பல்லைக் கடிக்காத வேகத்தில், வருடக்கணக்கில் தயாராகிறது. அந்த மனசும் அதே நிதான ஓட்டத்தில்தான் பழகுகிறது.

இதயத்திலிருந்து தொடங்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. சாதாரண இளைஞர் உயிரைக் கொடுத்து ஓடினால் இது இருபது லிட்டரைத் தொடும். உச்ச நிலை நெடுந்தூர வீரருக்கு முப்பத்தைந்தையும் தாண்டும். இருவரின் இதயமும் அதிகபட்சம் துடிக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தம் வெளியேறுகிறது என்பதில்தான் வித்தியாசம். பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடுகிறது. இடது கீழறை விரிந்து கொடுக்க மாதங்களும் வருடங்களும் ஆகின்றன. அதனால்தான் தேர்ந்த ஓட்டக்காரரின் நாடி ஓய்வில் நிமிடத்துக்கு நாற்பதுக்கு வந்து நிற்கிறது. தசைக்குள்ளும் இதே கதைதான். நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளைச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியா அதிகமாகிறது. தசைநாண்களும் எலும்பும் இவற்றைவிட மெதுவாகவே பலப்படுகின்றன. அவசரக்காரர்களின் குதிகாலும் முழங்காலும் முதல் வருடத்திலேயே மக்கர் பண்ணுவது இதனால்தான்.

எரிபொருள் கணக்கு இன்னும் சுவாரசியமானது. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகிறது. அறுபது கிலோ ஆளுக்கு மூன்று கிரிவலத்துக்கு 2,500 கலோரி வேண்டும். ஆனால் தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தாகச் சேமித்திருப்பது சுமார் 2,000 கலோரிதான். கொழுப்பு வேண்டிய அளவு இருக்கிறது, ஆனால் அது மெதுவாக எரியும். கையிருப்பு தீர்ந்து கால் இரும்பாகக் கனக்கும் இடம், பெரும்பாலோருக்கு முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டி வரும். நம் பாதையில் அது மூன்றாவது சுற்றில், ஏறக்குறைய எமலிங்கத்தின் பக்கம்! அந்த இடத்தில் மனவலிமையைக் காட்டி மாவுச்சத்தை வரவழைக்க முடியாது. கொழுப்பை அதிக வேகத்திலும் எரிக்கப் பழகிய தசைதான் காப்பாற்றும். அந்தப் பழக்கம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதான வேகத்தில் நிறைய தூரம் ஓடுவதால் வருகிறது. நார்வேயில் பணியாற்றும் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், பனிச்சறுக்கு, துடுப்புப் படகு, ஓட்டம் என்று பல துறைகளின் உச்ச வீரர்கள் உண்மையில் என்ன பயிற்சி செய்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது, பத்தில் எட்டுப் பயிற்சிகள் இப்படி இலகுவானவையாக இருக்கக் கண்டார். மெதுவாக ஓடிப் பழகினால் மெதுவாகத்தானே ஓட வரும் என்று கேட்கலாம். மீதி இரண்டு பயிற்சியும் கடுமையானவை. எட்டு இலகுவாக இருந்தால்தான் அந்த இரண்டையும் முழுமூச்சாகச் செய்ய உடம்பில் தெம்பு மிஞ்சும். தினமும் அரைகுறையாக மூச்சு வாங்க ஓடுகிறவருக்கு இரண்டு பலனும் கிடைப்பதில்லை.

அப்படியானால் மனசுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற வேலை அல்ல. 2004-இல் பர்மிங்ஹாமில் நடந்த ஒரு சோதனையில், சைக்கிள் வீரர்களிடம் மாவுச்சத்துக் கரைசலைக் கொடுத்து, விழுங்காமல் வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. இருந்தும் ஒரு மணி நேர சைக்கிள் ஓட்டத்தில் கிட்டத்தட்ட மூன்று சதவீதம் வேகம் கூடியது. 2009-இல் ஆய்வாளர் சாமுவேல் மார்க்கோராவின் குழுவினர், ஒன்றரை மணி நேரம் மூளைக்குக் கடுமையான வேலை கொடுத்துவிட்டுச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். மற்ற நாளில் 754 விநாடி தாங்கியவர்கள் அன்றைக்கு 640 விநாடியில் நிறுத்திவிட்டார்கள். இதயமும் தசையும் வழக்கம்போலவே இருந்தன. வேலை கஷ்டமாக இருக்கிறது என்ற உணர்வு மட்டும் கூடியிருந்தது. மாதக் கடைசி வரை சம்பளத்தை இழுத்துப் பிடிக்கிற குடும்பத் தலைவியைப் போல, மூளை கையிருப்பையும் போக வேண்டிய தூரத்தையும் பார்த்துக்கொண்டே செலவை அனுமதிக்கிறது. தேர்ந்த வீரரின் மூளைக்கு இந்தக் கணக்கு துல்லியமாகத் தெரியும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கற்றுக்கொடுத்த கணக்கு அது. களைத்த உடம்போடு சரியாக முடிவெடுப்பதும் இதில் சேர்ந்ததே. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் புதுக்கோட்டை லட்சுமணன் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், முந்தும்போது கால் ஒரு முறை உட்கோட்டைத் தாண்டியதற்காக வெண்கலத்தை இழந்தார். முந்தைய ஆண்டு புவனேஸ்வரத்தில் 5,000, 10,000 இரண்டிலும் ஆசியத் தங்கம் வென்றவர் அவர்.

பயிற்சியே இல்லாத பாட்டிகள் பக்தியால் 14 கிலோமீட்டர் நடக்கவில்லையா என்ற கேள்வி நியாயமானது. நடக்கிறார்கள், நோக்கம் பெரிதாக இருந்தால் மூளை அதிகக் கஷ்டத்துக்குச் சம்மதிக்கும், கூட்டம் கூட இருந்தால் இன்னும் சம்மதிக்கும். ஆனால் அந்தச் சம்மதம் நேரத்தை நீட்டுமே தவிர வேகத்தைத் தராது. அதற்கு எல்லையும் உண்டு. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து திரும்பவும் நீந்தினார்; 51 மணி நேரம். அதே மனிதர் 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். அவருக்கு மனவலிமை போதவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறவி வாகு என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. 1990-களில் ஹெரிடேஜ் ஆய்வில், நூற்றுக்கணக்கானவர்களுக்கு இருபது வாரம் ஒரே மாதிரி பயிற்சி கொடுத்தார்கள். உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தும் அதிகபட்ச ஆக்சிஜன் சராசரியாக 400 மில்லிலிட்டர் கூடியது. சிலருக்கு அது ஒரு லிட்டரையும் தாண்டியது, சிலருக்கு அசையவே இல்லை. இந்த ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய பாதிக்கு மரபணுவே காரணம் என்று கணக்கிட்டார்கள். ஆக, எல்லோரும் ஷிவ்நாத் சிங் ஆகிவிட முடியாது. ஆனால் அந்த வாகு யாரிடம் இருக்கிறது என்பதை வாரக்கணக்கில் உழைக்க வைத்துத்தான் ஆய்வாளர்களே கண்டார்கள். உழைக்காமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு ஆய்வு உண்டு. 1966-இல் டல்லஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். அந்த ஆக்சிஜன் அளவு கால்வாசிக்கும் மேல் சரிந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பது வருட மூப்பு செய்த சேதம் அந்த மூன்று வாரம் செய்ததைவிடக் குறைவாக இருந்தது. பிறகு ஐம்பது வயதில் அவர்களை நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று ஆறு மாதம் படிப்படியாகப் பழக்கினார்கள். படுக்கைக்குப் போகுமுன் இருபது வயதில் இருந்த அளவுக்கே ஐவரின் சராசரி திரும்பி வந்தது.