இந்த நம்பர் எங்க போகுது பாஸ்?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் ஞாபகம் இருக்கா பாஸ்? ‘இன்ஜினீயரிங் சீட் இருக்கு சார், ஹாஸ்டல் ஃப்ரீ’னு அப்பா போனுக்கு வரிசையா கால் வந்திருக்கும். மேலூர், உசிலம்பட்டி... எந்த ஊர் ஃப்ரெண்டைக் கேட்டாலும் இதே கதைதான். நாம கொடுக்காத நம்பர் அந்தக் காலேஜுக்கு எப்படிப் போச்சு?

தகவல் சேகரிக்கிறதே தப்புனு சொல்லலை. தமிழகப் பள்ளிக்கல்வித் துறையோட ‘எமிஸ்’ தளத்துல ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் உண்டு. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வாங்க, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில படிச்சதைச் சரிபார்க்கணுமே... அதுக்கு இந்தப் பதிவுதான் கைகொடுக்குது. ஒரு வேலைக்குனு வாங்கின தகவல் வேற வேலைக்குப் போறப்பதான் சிக்கல்!

தனியுரிமை நம்ம அடிப்படை உரிமைனு 2017-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஸ்கூல் அட்மிஷனுக்கு ஆதார் கட்டாயமில்லைனு 2018-ல தீர்ப்பு. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சம்மதம் கேட்கிறவங்க ‘எதுக்கு’னு காரணத்தைச் சொல்லணும்கிறது. 18 வயசு ஆகலைன்னா, பொதுவா பெற்றோர் சம்மதமும் வேணும். ஆனா, 2025 நவம்பர்ல வந்த அதன் விதிகளில் முக்கியமானவை 18 மாசம் கழிச்சுத்தான் அமலுக்கு வரும்.

அதுவரைக்கும்? கல்விக் கண்காட்சி, ஃப்ரீ மாக் டெஸ்ட், சிம்போசியம்னு நீட்டுற ஃபார்மை எல்லாம் நிரப்பாதீங்க. புராஜெக்ட் சர்வேக்காக ஜூனியர்ஸ்கிட்ட நாம ஃபார்ம் நீட்டும்போதும், தேவையில்லாம போன் நம்பர் கேட்க வேணாமே! நாளைக்கு இந்த டேட்டாபேஸை எல்லாம் கட்டப்போறதும் நாமதானே?

மாட்டுத்தாவணியில ‘எங்க போகுது?’னு கேட்டுட்டுத்தானே பஸ் ஏறுறோம்? நம்பர் கொடுக்கும்போதும் அதையே கேளுங்க!