எந்த யூரோப்பா?

உங்கள் வகுப்பில் கண்ணன் என்று இருவர் இருந்தால் வருகைப் பதிவேட்டில் குழப்பம் நேராமல் காப்பது எது? தலைப்பெழுத்துதான். பண்டைக் கிரேக்கரும் ஏறத்தாழ இதையே செய்தனர். டிராய்ப் போரில் ஏஜாக்ஸ் என்ற பெயருடைய வீரர் இருவர். ஒருவன் டெலமோனின் மகன். மற்றவன் ஆயிலியஸின் மகன். தந்தை பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் விளங்கும்.

பெரிய வீரர்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு வரியில் வந்து மறைகிறவர்களைப் பற்றிக் கேட்க வேண்டுமா? யூரோப்பா என்றதும் நினைவுக்கு வருபவள், காளை வடிவில் வந்த சீயஸ் கிரீட் தீவுக்குத் தூக்கிச் சென்ற பினீசிய இளவரசி. ஆனால் கடல் தேவனான ஓஷனஸின் மகள்களிலும் ஒரு யூரோப்பா உண்டு. ஹெசியட் என்ற கவிஞர் அவளைப் பெயரளவில் குறிப்பிடுவதோடு சரி. ஓஷனஸுக்கு மகள்கள் 3,000 பேராம். பெயர் தட்டுப்பாடு வந்ததில் வியப்பில்லை! டிட்டியஸ் என்ற அரக்கனின் மகளும் யூரோப்பாதான். கடல்மேல் ஓடக் கூடிய யூபிமஸ் என்ற வீரனின் தாய் இவள்.

இந்தக் குழப்பம் வானத்துக்கும் ஏறிவிட்டது. 1610-இல் கலிலியோ வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டார். 1614-இல் சைமன் மாரியஸ் என்ற ஜெர்மானியர் தம் நூலில் அவற்றுக்கு அயோ, யூரோப்பா, கனிமீட், கலிஸ்டோ என்ற பெயர்களைக் கூறினார். வானநூலார் நெடுங்காலம் இப்பெயர்களைப் பொருட்படுத்தவில்லை. வியாழன் I, II, III, IV என்றே எழுதி வந்தனர். பெயர்கள் சும்மா கிடந்தன.

இதற்கிடையே குறுங்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அகப்படத் தொடங்கின. 1858-இல் பாரிசில் கோல்ட்ஷ்மிட் என்பவர் (இவர் தொழிலால் ஓவியர்!) கண்ட குறுங்கோள் யூரோப்பா ஆயிற்று. 1865-இல் ஓர் அயோ, 1879-இல் ஒரு கலிஸ்டோ, 1924-இல் ஒரு கனிமீட். பின்னர் துணைக்கோள்களின் பழைய பெயர்கள் வழக்குக்கு வந்தபோது நான்குக்குமே இரட்டையர் இருந்தனர்.

பெயர்தான் ஒன்று, பொருள்கள் முற்றிலும் வேறு. துணைக்கோள் யூரோப்பா சுமார் 3,120 கி.மீ. குறுக்களவுள்ளது, வியாழனை மூன்றரை நாளில் சுற்றிவிடும். குறுங்கோள் யூரோப்பா ஏறத்தாழ 300 கி.மீ. அளவுள்ள பாறை, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இருந்துகொண்டு சூரியனைச் சுற்ற அதற்கு ஐந்தரை ஆண்டு வேண்டும். ஒன்றின் அளவை மற்றதன் கணக்கில் போட்டால் விடை என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ரோமன் எழுத்தில் கலிஸ்டோவுக்கு முதலெழுத்தை மாற்றியும், கனிமீட்டுக்குக் கடைசி எழுத்தை விட்டும் சமாளிக்கிறார்கள். தமிழில் எழுதும்போது அந்த வேறுபாடும் போய்விடுகிறது. நமக்கு எண்தான் துணை. குறுங்கோள்களுக்கு எண் தரும் வழக்கம் 1850-களில் வேரூன்றியது. 52 யூரோப்பா, 85 அயோ, 204 கலிஸ்டோ, 1036 கனிமீட் என்று எழுதினால் ஐயமில்லை. ஏற்கெனவே ஒரு துணைக்கோளுக்கோ குறுங்கோளுக்கோ உள்ள பெயரை ஒத்த பெயரைப் புதிய குறுங்கோளுக்கு இடக்கூடாது என்ற விதியும் இப்போது இருக்கிறது. பழைய பெயர்களை யாரும் மாற்றவில்லை.

2024 அக்டோபரில் 'யூரோப்பா கிளிப்பர்' என்ற அமெரிக்க விண்கலம் புறப்பட்டது. பனி ஓட்டின் அடியில் உப்புநீர்க் கடல் இருப்பதாகக் கருதப்படும் ஓர் உலகை ஆராய்வது அதன் வேலை. அது எந்த யூரோப்பா என்று இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: வியாழன் II.