சின்ன வயர், பெரிய புகை!



230 வோல்ட் கரண்ட் என்றால் நமக்கெல்லாம் பயம். ஆனால் டெலிபோன் வயர், கண்காணிப்பு கேமரா வயர், கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிள் இவற்றைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. இவற்றில் 12 வோல்ட், 48 வோல்ட் மாதிரி குறைந்த அழுத்த மின்சாரம்தான் போகும். அப்படியிருக்க, இந்த வயரை சீலிங்குக்கு மேலே சுவரில் ஓட்டை போட்டு இழுப்பதற்கு அமெரிக்காவில் ஏன் இத்தனை விதி வைத்திருக்காங்க? எங்க மாமா சென்னையில் ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் கேபிள் இழுக்கும் வேலை பார்க்கிறார். அவரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பிளீனம் என்றால் என்ன?

பெரிய ஆபீஸ்களில் கான்கிரீட் தளத்துக்குக் கீழே சதுரம் சதுரமாகப் பலகை மாட்டி ஃபால்ஸ் சீலிங் போட்டிருப்பாங்க. தளத்துக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அமெரிக்காவில் பல கட்டடங்களில், அறையில் இருக்கும் காற்று இந்த இடைவெளி வழியாகத்தான் ஏ.சி. இயந்திரத்துக்குத் திரும்பிப் போகும். அதற்கென்று தனியாகத் தகரக் குழாய் கிடையாது. இப்படிக் காற்று போகும் இடத்துக்குப் பெயர்தான் பிளீனம். லத்தீன் மொழியில் இதற்கு 'நிறைந்தது' என்று அர்த்தம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த இடத்தில் கேபிள் எரிந்தால் புகை எங்கே போகும்? காற்று போகும் வழியில்தானே போகும்! ஒரு அறையில் பிடித்த தீயின் புகை எல்லா அறைக்கும் போய்விடும்.

புகையில் என்ன இருக்கிறது?

சாதாரண கேபிளின் மேல்தோல் பி.வி.சி. பிளாஸ்டிக். இதன் ஒரு அலகில் 2 கார்பன், 3 ஹைட்ரஜன், 1 குளோரின் அணு இருக்கு. நிறையைக் கூட்டினால் 24 + 3 + 35.5 = 62.5. இதில் குளோரின் மட்டும் 35.5. அதாவது பாதிக்கு மேலே குளோரின்! எரியும்போது இது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியே வரும். நம்ம கண்ணிலும் மூக்கிலும் இருக்கும் ஈரத்தில் கலந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். நம்ம லேபில் டீச்சர் 'தொடாதே' என்று சொல்கிற அதே அமிலம்தான். கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். தீ வந்து சேர்வதற்கு முன்பே புகை ஆளை மயக்கிவிடும்.

1975-ல் நடந்த இரண்டு தீ

முதல் தீ, 1975 பிப்ரவரி 27, நியூயார்க் நகரம். ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் அடித்தளத்தில் கேபிள் அறையில் தீப்பிடித்தது. கேபிள் போகும் வழியாகவே மேலே ஏறியது. சுமார் 700 தீயணைப்பு வீரர்கள் பி.வி.சி. புகைக்குள் வேலை செய்தார்கள். அன்று யாரும் இறக்கவில்லை. ஆனால் புகையைச் சுவாசித்த வீரர்கள் பலர் பல வருடம் உடல்நலக் குறைவால் கஷ்டப்பட்டார்கள். சுமார் 1,70,000 டெலிபோன்கள் செத்துப்போயின. அதில் ஆஸ்பத்திரி போன்களும் உண்டு.

அடுத்த மாதமே, மார்ச் 22, அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையம். இது பிளீனம் இல்லை, ஆனால் பாடம் சுவர் ஓட்டையைப் பற்றியதுதான். கேபிள் போன ஓட்டையை ஃபோம் வைத்து அடைத்திருந்தார்கள். காற்று கசிகிறதா என்று பார்க்க ஒரு தொழிலாளி மெழுகுவர்த்தியைக் காட்டினார். சுடரைக் காற்று உள்ளே இழுத்தது, ஃபோம் பற்றிக்கொண்டது. தீ சுமார் 7 மணி நேரம் எரிந்தது. 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது, எதை வைத்து அடைக்கிறோம் என்பதும் முக்கியம்!

எப்படி இழுக்க வேண்டும்?

1. சரியான கேபிள்: பிளீனம் கேபிளின் தோலில் சி.எம்.பி. என்று அச்சடித்திருக்கும். பலவற்றில் உள்ளே எஃப்.இ.பி. என்ற பொருள் இருக்கும். இது நான்ஸ்டிக் தோசைக்கல் பூச்சுக்குச் சொந்தக்காரன். இந்தக் கேபிளுக்குப் பரீட்சை உண்டு. 25 அடி நீளச் சுரங்கம் போன்ற பெட்டியில் வைத்து, காற்றைச் செலுத்தி, 20 நிமிடம் கேஸ் தீயைக் காட்டுவார்கள். தீ 5 அடிக்கு மேல் ஓடினால் ஃபெயில். புகை அளவுக்கு மேல் வந்தாலும் ஃபெயில்.

2. ஓட்டை: சில சுவர்கள் தீயைத் தடுப்பதற்கென்றே கட்டியவை. ஃபால்ஸ் சீலிங்கைத் தாண்டி மேல்தளம் வரை போகும். அதில் ஓட்டை போட்டால் இரும்புக் குழாய் வைத்து, அதற்குள் கேபிளை விட்டு, மீதி இடைவெளியைத் தீத்தடுப்புப் பசையால் அடைக்க வேண்டும். இந்தப் பசை சூடானால் பூரி மாதிரி உப்பும். கேபிளின் தோல் உருகிக் காலியாகும் இடத்தையும் இதுவே அடைத்துவிடும்.

3. தொங்கவிடுதல்: கேபிளை சீலிங் பலகை மேல் போடக் கூடாது. மேல்தளத்தில் கொக்கி மாட்டி அதில் தொங்கவிட வேண்டும். தீயில் பலகை விழுந்தால் கேபிளும் சேர்ந்து விழுந்து, உள்ளே வரும் தீயணைப்பு வீரர்கள் வலையில் மாட்டிய மீன் மாதிரி ஆகிவிடுவார்கள்.

4. பழைய கேபிள்: பயன்படாத கேபிளை மேலேயே விட்டால் அது விறகுதான். கை எட்டும் இடத்தில் இருப்பதை எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்க மின் விதித் தொகுப்பு 2002-லிருந்து சொல்கிறது.

மாமா சொன்னது

வேலை முடிந்து பலகையை மூடிவிட்டால் மேலே என்ன இருக்கு என்று யாருக்கும் தெரியாது. ஒரு இடத்தில் வேலை கொடுத்தவர், "அந்த ஓட்டையை யாருப்பா பார்க்கப்போறா, விடு" என்றாராம். மாமா அடைத்துவிட்டுத்தான் இறங்கினாராம். "கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்க என் முகத்தைக்கூட பார்த்திருக்க மாட்டாங்க பாப்பா. ஆனா அவங்க மூச்சு என் கையில இருக்கு" என்றார். நம்ம ஊரில் படித்துவிட்டு கேபிள் வேலைக்குப் போகிற அண்ணன்களும் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

உங்களுக்கு ஒரு கேள்வி!

மாடிக்கு மாடி நேராக ஏறும் கேபிளுக்கு ரைசர் கேபிள் என்று பெயர். ரைசர் கேபிள் போடும் இடத்தில் பிளீனம் கேபிளைப் போடலாம். ஆனால் பிளீனத்தில் ரைசர் கேபிளைப் போடக் கூடாது. ஏன்? விடையைத் துண்டுச்சீட்டில் எழுதி எங்கள் வகுப்பு லீடரிடம் கொடுங்கள். சரியான விடை அடுத்த தாளில்!

– 9-ஆம் வகுப்பு மாணவி