காரின் அடியிலே ஒரு சப்தம்!

போன மார்கழியில் எங்கள் சிறிய காருக்கு ஒரு புதிய பழக்கம் வந்தது. வாசலைத் தாண்டித் தெருவில் வலப்புறம் திரும்பும்போதெல்லாம், "டக் டக் டக்" என்று தாளம் போட ஆரம்பித்தது. நேரே போனால் சாது! என் வீட்டுக்காரர் ரேடியோவைச் சற்று உரக்க வைத்தார். அவரைப் பொறுத்தமட்டில் கோளாறு தீர்ந்துவிட்டது!

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. தையில் மகளுக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் அவளை இதே வண்டியில்தான் திருச்சியிலிருந்து சென்னைக்கு அழைத்து வரவேண்டும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணோடு நடுவழியில் வண்டி நின்றுவிட்டால்?

ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கே ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கியர் பாக்ஸை இறக்க வேண்டியதுதான், அம்மா!" என்று சொல்லி, ஒரு பெரிய தொகையையும் சொன்னார்கள். "யோசித்து வருகிறோம்" என்று திரும்பிவிட்டோம்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் என்ன கேட்கிறார்? "எப்போது வருகிறது? காலையிலா, மாலையிலா?" என்றுதானே? காருக்கும் அதே வைத்தியம்தான். நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன், சப்தம் இல்லை. ஆகவே எஞ்சின்மீது சந்தேகம் குறைந்தது. சக்கரம் உருண்டால்தான், அதிலும் திரும்பினால்தான் சப்தம்.

2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரில் எஞ்சினின் சக்தி நீண்ட தண்டு ஒன்றின் வழியாகப் பின் சக்கரங்களுக்குப் போகும். 1983-ல் வந்த மாருதி 800 போன்ற சிறிய கார்களிலோ முன் சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன. திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும்! அதற்காகச் சக்கரத்தருகே நம் முழங்காலைப் போல ஒரு மூட்டு உண்டு. 1920-களில் ஆல்ஃப்ரெட் ஜெப்பா என்ற எஞ்சினீயர் வகுத்த முறை அது. உள்ளே 6 எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருளும். இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த மினி காரிலும் இதே மூட்டுதான்.

மூட்டைச் சுற்றி, ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. மெக்கானிக்குகள் அதை 'பூட்' என்பார்கள். அது கிழிந்தால் கிரீஸ் வெளியேறும்; மண்ணும் நீரும் உள்ளே புகும்; குண்டுகளும் பள்ளங்களும் தேயும்; பிறகு "டக் டக்"!

ஞாயிறன்று காலி மைதானம் ஒன்றில் இவரை ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடிக்கச் சொன்னேன். நான் எட்டி நின்று கேட்டேன். வலப்பக்கம் சுற்றும்போது இடது சக்கரத்தில் சப்தம். பெரும்பாலும் வட்டத்தின் வெளிப்புறச் சக்கரம்தான் இப்படிக் குரல் கொடுக்குமாம். வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தால், இடது சக்கரத்தின் உட்புறமெல்லாம் கறுப்புக் கிரீஸ்!

தெருக்கோடி மெக்கானிக் ஓட்டிப் பார்த்து, "மூட்டுதாம்மா. பூட் கிழிந்தவுடனே வந்திருந்தால் அதையும் கிரீஸையும் மாற்றியே சமாளித்திருக்கலாம். இப்போது மூட்டே தேய்ந்துவிட்டது" என்றார். இடது மூட்டை மட்டும் மாற்றினார். கியர் பாக்ஸை யாரும் தொடவில்லை. அவர் வாங்கிய கூலியும் சாமான் விலையும் சேர்ந்து, முதலில் கேட்ட தொகையில் கால் பங்குகூட இல்லை.

சகோதரிகளே, இன்னும் சில அடையாளங்களைக் குறித்து வையுங்கள். வேகத்தோடு "ஹூம்" என்று வளர்ந்து, வளைவுகளில் கூடிக் குறையும் சப்தமா? சக்கர பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளட்சை மிதித்தால் மட்டும் கரகரப்பா? கிளட்ச் பேரிங்காக இருக்கலாம். பின் சக்கரம் இழுக்கும் வண்டியில் முன்னும் பின்னுமாகக் கியர் மாற்றும்போது "டங்" என்றால், தண்டின் மூட்டுகளைச் சோதிக்க வேண்டும். ஆனால், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் புகக் கூடாது!

தையில் மகள் பின் ஸீட்டில் தூங்கிக்கொண்டே சென்னை வந்து சேர்ந்தாள். இப்போதெல்லாம் இவர், முதல் திருப்பம் தாண்டிய பிறகுதான் ரேடியோவைத் தொடுகிறார்!