எனக்கு அப்புறம் யார்?

“எனக்கு ஒரு நாள் முன்னாடி அவன் போயிடணும்.” பெற்ற தாய் இப்படி வேண்டிக்கொள்வதைக் கேட்டால் நமக்குத் தூக்கிவாரிப்போடும். ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளையை நாற்பது வயதுவரை வளர்த்த வீடுகளில் இது அன்றாடப் பேச்சு.

பள்ளிக்கூட வயதுவரை எப்படியோ ஓடிவிடுகிறது. சிறப்புப் பள்ளி, தெரபி, வாசலில் காத்திருக்கும் மற்ற அம்மாக்கள். அதன்பிறகு பிள்ளை வீட்டோடு, அம்மாவும் வீட்டோடு. நான் சந்தித்த தாய்க்கு 68 வயது, மகனுக்கு 39. ஸ்டூலில் உட்காரவைத்து அவரே சவரம் செய்துவிடுகிறார். ஒரு கையால் தாடையைப் பிடித்தபடி, மகனுக்குப் பிடித்த பஸ் நம்பர்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். நிறுத்தினால் அவன் தலையைத் திருப்பிவிடுவான். ஒருநாள் கரண்ட் போய் டிவி நின்ற கோபத்தில் மகன் தள்ளிவிட, அம்மாவுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. டாக்டரிடம், “பாத்ரூம்ல வழுக்கிட்டேன்” என்றாராம். பிள்ளையை யாரும் முரடன் என்று சொல்லிவிடக் கூடாதே!

இந்த மறைப்புதான் எனக்குப் பெரும் கவலை. அலுத்துப்போச்சு என்று வாய்விட்டுச் சொன்னால் “தாய் பேசுற பேச்சா இது?” என்பார்கள். சொல்லாமலிருந்தால் தெய்வம் என்பார்கள். எப்படியானாலும், ஒருநாள் வந்து அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

பெற்ற மகளிடமும் அந்தத் தாய் எல்லாவற்றையும் சொல்வதில்லை. கல்யாணமாகி வெளியூரில் இருப்பவளை எதற்குக் கலங்கடிப்பது என்ற எண்ணம். ஆனால் நாளைக்குப் பொறுப்பு அவள் தலையில்தான். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகும் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்க முடியும். தங்கை கையெழுத்துப் போட்டுவிடலாம். அண்ணன் எப்போது கத்துவான், எந்த மாத்திரையைச் சோற்றில் மறைத்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்காதே.

பெற்றவர்கள் இருக்கும்போதே பராமரிப்பு இல்லத்தில் விட்டுப் பழக்குங்கள் என்கிறார்கள் சிலர். அதிலும் நியாயம் உண்டு. எனக்கென்னவோ, முதலில் மறைப்பு உடைய வேண்டும். மணிக்கட்டு எப்படிப் பிசகியது என்று மகளுக்குத் தெரியட்டும். வருஷத்தில் ஒரு வாரமாவது அவள் வந்து அண்ணனோடு தனியாக இருக்கட்டும். அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும். மகள் முடியாது என்றால், அதையும் அம்மா உயிரோடிருக்கும்போதே சொல்லிவிடட்டும். வேறு ஏற்பாட்டுக்கு அப்போதுதான் அவகாசம் இருக்கும்.