நாளைய நிலம் – 6: வேப்பமரத்தடியில் ஒரு வண்டி

போன வாரம் பிரம்மபுத்திராவின் மணல் திட்டில் இருந்தோம். ஜாதவ் பாயேங் அங்கே மூங்கில் ஊன்றத் தொடங்கியது 1979-ல், பதின்ம வயதில். பத்மஸ்ரீ வந்து சேர்ந்தது 2015-ல். நடுவில் 36 வருடம். இந்த வாரம் அதற்கு நேர்மாறான கதை. ஊர், திருவண்ணாமலை.

பள்ளி விட்டு வரும் வழியில், இஸ்திரி வண்டிக்காரர் எரிந்து தீர்ந்த கரியைத் தரையில் கொட்டுவதைப் பார்த்தார் வினிஷா உமாசங்கர். அப்போது அவருக்கு வயது 12. நாம் எல்லோரும் பார்த்த காட்சிதான். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக் கரி பட்டால் சண்டைக்குப் போகிற நாம், நாள் முழுக்க அந்தப் புகையை இழுக்கிறவரின் நெஞ்சைப் பற்றி யோசித்ததில்லை. ஒரு வண்டிக்கு நாளொன்றுக்கு 5 கிலோ கரியாவது ஆகும் என்பது வினிஷா சொன்ன கணக்கு. கரி என்றால் அதற்கு முன்னால் மரம்.

அவர் வடிவமைத்த வண்டிக்குச் சூரியத் தகடே கூரை. 5 மணி நேரம் நல்ல வெயில் கிடைத்தால் பெட்டி 6 மணி நேரம் ஓடும். மிஞ்சும் மின்சாரம் பேட்டரிக்குப் போகும். எனக்குப் பிடித்தது வேறு. அதே வண்டியில் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்து நாலு காசு பார்க்கவும் வழி வைத்திருந்தார். மரத்தைக் காப்பாற்று என்று இஸ்திரிக்காரருக்கு உபதேசம் செய்யாமல், அவர் கல்லாவைப் பற்றிக் கவலைப்பட்ட பிள்ளை!

பிறகு பரிசுகள். 2020-ல் சுவீடனின் சிறார் பருவநிலைப் பரிசு. 2021-ல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று. அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், உலகத் தலைவர்கள் கூடிய இடத்தில் பேச்சு. செய்தித்தாள்கள் இவற்றைத்தான் கொட்டை எழுத்தில் போட்டன.

என் கணக்கில் பெரிய பரிசு இதற்கெல்லாம் முன்பே கிடைத்துவிட்டது. தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் பொறியாளர்கள் கூட உட்கார்ந்து, காகிதத்தில் இருந்ததை முழு அளவு வண்டியாகச் செய்ய உதவினார்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவும் துணை நின்றார்கள். நம் கண்காட்சிகளில் இது நடப்பதில்லை. தெர்மாகோல் மாதிரி, கைத்தட்டல், கேடயம், போட்டோ. மறுவாரம் மாதிரி பரணுக்குப் போய்விடும்.

வண்டியாகச் செய்தால்தான் அடுத்த சிக்கல் தெரியும். நம் ஊரில் இஸ்திரி வண்டி நிற்பது வேப்பமரத்தடியில். தேய்ப்பவருக்கு நிழல் வேண்டும், தகட்டுக்கு வெயில் வேண்டும். இந்த வழக்கை எந்த மேடையும் தீர்க்காது. தெருமுனையில் வண்டியை நிறுத்தி, அவரிடமே கேட்டுக் கேட்டுத்தான் தீர்க்க வேண்டும்.

அடுத்த முறை பள்ளிக் கண்காட்சிக்கு நடுவராகப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பரிசு வாங்கும் பிள்ளைக்குக் கேடயம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு நல்ல வெல்டரையும் அறிமுகப்படுத்தி வையுங்கள்.

(தொடரும்)