சாமை குத்திய கைகள்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. ஆகாய கங்கையில் குளிக்கவும் அறப்பளீஸ்வரரைக் கும்பிடவும் போகிறவர்கள் வழியில் பார்ப்பது மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களையும், அவற்றைத் தாண்டினால் மரவள்ளிக் காடுகளையும்தான். இரண்டு தலைமுறைக்கு முன் இந்தச் சரிவுகளில் சாமை விளைந்தது. கூடவே கேழ்வரகு, தினை, பனிவரகு, ஓரத்தில் மொச்சை. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு வருஷச் சோறு அதுதான்.

சாமை என்று நாம் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம். அங்கே கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, திரிகுலச் சாமை, பெருஞ்சாமை, மல்லியச் சாமை என்று பல உண்டு. ஒன்று சீக்கிரம் கதிர் வாங்கும், இன்னொன்று மாதக்கணக்கில் நிற்கும். ஒன்று வெறும் கல்லாங்காட்டிலும் பிழைக்கும். எந்தக் காட்டுக்கு எது, மழை தள்ளிப்போனால் எதை எடுப்பது என்ற கணக்கு வீட்டுப் பெண்களின் மனதில் இருந்தது. அறுவடைக்கு முன்பே காட்டில் நடந்து, மணி திரண்ட கதிர்களாகப் பார்த்துத் தனியே கொய்வார்கள். அவற்றைக் கையால் கசக்கி, முறத்தில் புடைத்து, நாலு வெயிலில் காயவைத்து, சாம்பல் கலந்து சுரைக்குடுவையிலோ மண்பானையிலோ வாய் கட்டி வைப்பார்கள். சாப்பாட்டுக்கான தானியம் மண் பூசிய தொம்பைக்குப் போகும். வீட்டில் எவ்வளவு பஞ்சம் வந்தாலும் குடுவையில் கை வைக்க மாட்டார்கள். விதை தீர்ந்துபோன வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி கொடுப்பாள். அறுப்பு முடிந்ததும் கூடுதலாக ஒரு படி சேர்ந்து அது திரும்பி வரும். இதில் கடைக்கும் வேலையில்லை, காசுக்கும் வேலையில்லை.

இந்தக் காட்சியோடு நிறுத்திக்கொண்டு பெருமூச்சு விடுகிற கட்டுரைகள் ஏராளமாக வந்துவிட்டன. விதையைக் காத்த அதே கைகள் உலக்கையையும் பிடித்தன என்பது அவற்றில் பெரும்பாலும் வராது.

சாமையைச் சோறாக்குவது லேசான காரியமில்லை. மணி சிறியது, உமி வழவழப்பானது, ஒட்டிப் பிடித்திருப்பது. காயவைத்த தானியத்தை உரலில் இட்டு இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்கள். ஓங்கிக் குத்தினால் நொய்யாகும், பையக் குத்தினால் உமி போகாது. ஒரு சுற்றுக் குத்தியதும் அள்ளி முறத்தில் புடைத்து, உமியை ஊதித் தள்ளிவிட்டு, போகாத மணிகளை மறுபடி உரலில் போட வேண்டும். மூன்றாவது சுற்றில்தான் சமைக்கிற பதம் வரும். இத்தனைக்கும் பிறகு, குத்திய சாமை நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் மொத்தமாகக் குத்தி வைக்கவும் முடியாது. விடியுமுன் எழுந்து குத்தி, பிறகு காட்டுக்குக் களை வெட்டப் போய், விறகோடு திரும்பி, சாயங்காலம் மறுபடி உரலடிக்கு வர வேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்தாலும் இதில் விலக்கில்லை.

மலையில் சாமைச் சோறு குறைந்த பிறகும் கேழ்வரகுக் களி நின்றதற்கு ஒரு காரணம் இங்கே கிடைக்கிறது. கேழ்வரகை உமி நீக்கிக் குத்த வேண்டாம், புடைத்துக் கல் பொறுக்கித் திரிகையில் போட்டால் மாவு. நாக்கின் ருசி மாறிப்போனதால் சிறுதானியம் அழிந்தது என்று சொல்கிறவர்கள் உரலடியில் நின்று பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

மலைப்பாதையில் லாரி ஏறியதும் எல்லாம் வேகமாக மாறியது. கீழே சேலம், ராசிபுரம், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு தேவைப்பட்டது. ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களுக்காகவே 1981ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது என்றால் அந்தத் தொழிலின் அளவு புரியும். மரவள்ளி காசு தந்தது. அந்தக் காசில் பிள்ளைகள் படித்தார்கள், வீடு எழும்பியது. அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் பயிரோடு சேர்ந்து வீட்டின் அதிகாரமும் இடம் மாறியது. விதைக்குச்சி வாங்குவது, ஆலைக்காரரிடமோ தரகரிடமோ விலை பேசுவது, லாரி பிடிப்பது எல்லாம் ஆண்களின் வேலை. விதைக்குடுவைக்குச் சொந்தக்காரியாக இருந்தவள் அதே காட்டில் களைவெட்டும் ஆளானாள். கிழங்கு விலை விழுந்த வருஷம் அடுப்புக்கு ஆதாரமாகத் தொம்பையில் எதுவும் இல்லை. சரிவான நிலத்தில் கிழங்கு பிடுங்கப் பிடுங்க மண் இளகி மழையோடு கீழே போனது.

பசியை ரேஷன் அரிசி தாங்கிப் பிடித்தது. 2011 ஜூன் முதல் தமிழகத்தில் அது விலையில்லா அரிசி. மலைவாழ் மக்களுக்கு இது எவ்வளவு பெரிய காவல் என்பதை மறுக்கவே கூடாது. உலக்கையில் இருந்து பெண்களுக்கு முதல் விடுதலையைத் தந்ததும் அந்த அரிசிதான். வயிறு நிறைந்தது, சத்து நிறையவில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உணவை விளைவிக்கிற, சமைக்கிற, கடைசியாகச் சாப்பிடுகிற பெண்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் வேலை தொடங்கியது. பாரம்பரிய ரகங்களைத் திரட்டுவது, ஊர் விதை வங்கி அமைப்பது என்று பல பணிகள் நடந்தன. அவற்றில் முக்கியமானது என்று நான் நினைப்பது மில்தான். ஊருக்குள்ளேயே உமி நீக்கும் இயந்திரத்தையும் மாவு மில்லையும் வைத்து, அவற்றை நடத்தும் பொறுப்பை மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். நெல் அரைக்கும் மில்லில் சாமையைப் போட்டால் நொறுங்கிப் பாதி தவிட்டோடு போய்விடும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் சிறுதானியத்துக்கென்றே இயந்திரங்கள் வடிவமைக்கப்பட்ட பிறகுதான் இது கைகூடியது. நாள் முழுக்கக் குத்திய வேலை நிமிஷங்களில் முடிகிறது என்றதும், கைவிட்ட சாமையை வீட்டுக்காக மீண்டும் கொஞ்சம் விதைத்தார்கள். குழுக்கள் சாமை அரிசி, கேழ்வரகு மாவு என்று பாக்கெட் போட்டு விற்கவும் தொடங்கின. பழைய பரப்பு திரும்பவில்லை, மரவள்ளியும் மிளகும் காப்பியும்தான் இன்றும் மலையின் வருமானம். ஆனாலும் விதைக்குடுவை இருந்த இடத்தில் ஒரு விதை வங்கி வந்திருக்கிறது. அதன் கணக்கு நோட்டில் பெண்கள் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அரசுக்கும் இதில் அக்கறை வந்திருக்கிறது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம், சாமையும் தினையும் அதில் சேர வேண்டும்.

அன்றும் மாறாதது, இன்றும் மாறாதது பட்டாவில் உள்ள பெயர். கிராமங்களில் வேலை செய்யும் பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பிலோ, நாட்டின் சாகுபடி உடைமைகளில் 13.96 சதவீதம் மட்டுமே பெண்களுடையவை. பெயர் இல்லாதவளுக்குப் பயிர்க்கடன் எளிதில் கிடைக்காது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் உதவியும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குத்தான் போகும். கீழத்தஞ்சையில் காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இதை அன்றே உணர்ந்திருந்தார். 1981ல் தொடங்கிய லாஃப்டி இயக்கத்தின் வழியாக, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்த நிலத்தைப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்யவைத்தார்.

மலையில் சிக்கல் இன்னும் ஆழமானது. 1989ல் தமிழகமும் 2005ல் மத்திய அரசும் பூர்விகச் சொத்தில் மகள்களுக்குச் சமபங்கு கொடுத்துச் சட்டத்தைத் திருத்தின. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய அந்தச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. அதனால் மலையாளிப் பெண்ணுக்குச் சமவெளிப் பெண்ணுக்கு உள்ள அந்த உரிமைகூட எழுத்தில் இல்லை. இதை மாற்றுவது குறித்து யோசிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரிலேயே மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. பழங்குடிப் பெண்ணுக்குச் சொத்தில் பங்கு மறுப்பது பாகுபாடு என்று 2025ல் மற்றொரு வழக்கில் தீர்ப்பும் சொன்னது.

எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் 2012ல் பெண் விவசாயிகள் உரிமை மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். நில ஆவணம் இல்லாவிட்டாலும் பெண்ணை விவசாயி என்று அங்கீகரித்துச் சான்று தர வேண்டும் என்பது அதன் மையம். அது விவாதத்துக்கே வராமல் காலாவதியானது. 2026ஐப் பெண் விவசாயிகள் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. விழா மேடையும் விருதும் போதும் என்று அரசுகள் இந்த ஆண்டைக் கடத்திவிடக் கூடாது. அந்த மசோதாவைத் தூசி தட்டி எடுக்க வேண்டும். பழங்குடி மகள்களுக்கும் நிலத்தில் பங்கு என்று அறிவிக்க வேண்டும். இதை வாசிக்கும் உங்கள் வீட்டில் நிலம் இருந்தால், அதன் பட்டாவில் யார் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கூட்டுப்பட்டாவுக்குப் பெயர் சேர்க்க எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.